‘சூத்திரம் இல்லை’ என்று எப்போது சொல்லலாம்? காரணீயக் கூட்டல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் சனிக்கிழமை பிற்பகல்களில் கணித மன்றம் கூடுகிறது. பதினோராம் வகுப்பு மாணவர்களில் விருப்பமுள்ள சிலர் வருவார்கள். நடத்துபவர் அப்பள்ளியின் முதுகலைக் கணித ஆசிரியை. பாடத்துக்கு வெளியே எதையாவது தொட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் அழைத்ததால் நானும் போய் உட்கார்வதுண்டு. அந்த மன்றத்தில் எழுந்த ஒரு கேள்வி எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பதைக் கணிதம் கற்பிக்கும் பிறருக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

மாணவர்கள் ஏற்கெனவே என்ன அறிந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் 1 + 2 + … + ந, அவற்றின் வர்க்கங்களின் கூடுதல், கனங்களின் கூடுதல் ஆகியவற்றுக்கான சூத்திரங்களைப் படித்திருந்தார்கள். இம்மூன்றும் பழையவை. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியிலேயே இருக்கின்றன. பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல், ஈருறுப்புத் தேற்றம், பகுதிப் பின்னங்கள் வந்துவிட்டன. 1/(1×2) + 1/(2×3) + … என்ற தொடரில் ஒவ்வோர் உறுப்பையும் இரண்டாகப் பிரித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப் போகும் என்பதும் தெரியும்.

தெரியாத ஒன்றும் இருந்தது. பாடநூல் கேட்கும் எல்லாக் கூட்டலுக்கும் விடை உண்டு, விடை இல்லாத கூட்டலை அது கேட்பதே இல்லை. ஆகவே எந்தக் கூட்டலைக் கொடுத்தாலும் எங்கேயோ ஒரு சூத்திரம் ஒளிந்திருக்கிறது, கெட்டிக்காரத்தனம் போதாததால்தான் அகப்படவில்லை என்றே மாணவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை அவர்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதன் பிடி எவ்வளவு என்பது பின்னால் தெரிந்தது.

குறியீடு பற்றி ஒரு சொல். உறுப்பின் வரிசை எண்ணைக் ‘க’ என்றும், மொத்த உறுப்புகளின் எண்ணிக்கையை ‘ந’ என்றும் எழுதுகிறேன். க! என்பது 1-லிருந்து க வரையிலான எண்களின் பெருக்கற்பலன்; இதையே காரணீயம் (factorial) என்கிறோம்.

கேள்வி எழுந்த விதம்

தொகுத்தறிதல் பயிற்சிகளில் வழக்கமாக வரும் கணக்கு ஒன்று உண்டு:

1×1! + 2×2! + 3×3! + … + ந×ந! = (ந+1)! − 1

வகுப்பில் இதை நிறுவி முடித்திருந்தார்கள். மன்றத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், பெருக்கல் இருக்கிறதுக்கே இவ்வளவு அழகா விடை வருது. முன்னாடி இருக்கிற க-வை எடுத்துட்டா இன்னும் சுலபமாத்தானே வரணும்? வெறும் 1! + 2! + 3! + … எவ்வளவு?”

நியாயமான கேள்வி. உறுப்பு எளிதானால் கூடுதலும் எளிதாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆசிரியை என்னைப் பார்த்தார். இதற்கு மூடிய வடிவச் சூத்திரம், அதாவது உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டாமல் நேரடியாக விடை தரும் சூத்திரம், கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல், “முயன்று பாருங்கள்” என்று மட்டும் சொல்லி அன்று அனுப்பிவிட்டார்.

முதல் முயற்சிகளில் கண்டவை

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ஒரே அட்டவணையோடு வந்தார்கள். கூடுதல்கள் வரிசையாக 1, 3, 9, 33, 153, 873, 5913, 46233. இந்த எண்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் அணுகியிருந்தார்கள்.

ஒரு மாணவன் வேறுபாட்டு அட்டவணை போட்டிருந்தான். வர்க்கங்களின் கூடுதலுக்கு இது கைகொடுக்கும்: 1, 5, 14, 30, 55 என்பதில் வேறுபாடுகள் 4, 9, 16, 25, அவற்றின் வேறுபாடுகள் 5, 7, 9, அடுத்து 2, 2. மாறிலி வந்துவிட்டது, ஆகவே சூத்திரம் மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவை. காரணீயக் கூடுதலுக்கோ முதல் வேறுபாடே 2, 6, 24, 120 என்று காரணீயங்களாகத் திரும்பி வந்தது. எத்தனை வரிசை போட்டாலும் மாறிலி வராது. பல்லுறுப்புக் கோவையாக இருக்க முடியாது என்ற அளவுக்கு அது உதவியது.

இன்னொருவன் விடையோடு வந்திருந்தான். முதல் கணக்கின் விடையில் காரணீயம் இருப்பதால் இதிலும் இருக்கும் என்று ஊகித்து, ஒரு மாறிலி × ந! + இன்னொரு மாறிலி × (ந+1)! + மூன்றாவது மாறிலி என்று எடுத்துக்கொண்டு, முதல் மூன்று மதிப்புகளைப் போட்டுச் சமன்பாடுகளைத் தீர்த்திருந்தான். கிடைத்தது: 6×ந! − (ந+1)! − 3. ந = 1 என்றால் 1, 2 என்றால் 3, 3 என்றால் 9. கரும்பலகையில் எழுதியபோது கைதட்டலே எழுந்தது. ந = 4 போட்டுப் பார்க்கச் சொன்னார் ஆசிரியை. 144 − 120 − 3 = 21. வர வேண்டியது 33.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றோம், நின்றது சரியென்றே நினைக்கிறேன். மூன்று தெரியாத மாறிலிகளை வைத்துக்கொண்டால் எந்த மூன்று மதிப்புகளையும் பொருத்திவிடலாம். பொருந்தியது அந்தத் தொடரின் குணம் அல்ல, மாறிலிகளின் எண்ணிக்கை. அவன் (ந+2)!-ஐயும் சேர்த்து நான்கு மாறிலிகளோடு மீண்டும் வரப் பார்த்தான். ஐந்தாவது மதிப்பில் உடையும் என்று அவனே போகும் வழியில் கண்டுபிடித்துவிட்டான்.

கேள்வி கேட்ட மாணவி எண்களைக் காரணிப்படுத்தியிருந்தாள். 153 = 9×17, 873 = 9×97, 46233 = 9×11×467. “ந எட்டுதான். 467 மாதிரி பெரிய பகா எண் எங்கேருந்து வந்துச்சு? ஃபேக்டோரியலைப் பெருக்கி வகுத்து மட்டும் எழுதினா இது வராதே” என்றாள். இந்நிகழ்வில் நான் கேட்டவற்றுள் மிகக் கூர்மையானது இதுதான். நிரூபணம் இல்லைதான். காரணீயத்தோடு ஒரு பல்லுறுப்புக் கோவையைப் பெருக்கினால் பெரிய பகா எண்கள் வரலாம். ஆனாலும் ‘இது அகப்படாமலிருப்பதற்கு நான் காரணமில்லை, எண்கள் காரணம்’ என்ற சந்தேகம் முதன்முதலில் அவளிடம்தான் எழுந்தது.

நான்காமவன் கைப்பேசியில் ஒரு கணிதச் செயலியிடம் கேட்டிருந்தான். தெரியாத குறிகள் நிறைந்த ஒரு வரியை அது கொடுத்திருந்தது. “இதுதான் ஃபார்முலா சார், நமக்குப் புரியலை, அவ்வளவுதான்” என்றான். அந்தக் குறிகளுக்கு விளக்கம் தேடினால், அவை இந்தக் கூட்டலையே சுற்றி வளைத்துச் சொல்பவை என்று தெரிந்தது. 0!-ஐயும் (அதன் மதிப்பு 1) சேர்த்து இதே கூடுதலைக் கணிதவியலாளர் டூரோ குரேப்பா 1971-இல் இடக் காரணீயம் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். 2-ஐவிடப் பெரிய எந்த எண் ந-வை எடுத்தாலும், 0!-லிருந்து (ந−1)! வரையிலான கூடுதல் ந-வால் மீதியின்றி வகுபடாது என்பது அவருடைய ஊகம். 2004-இல் வெளியான ஒரு நிரூபணம் 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. சூத்திரம் ஒன்று கையிலிருந்தால் இந்த மாதிரிக் கேள்விகள் இவ்வளவு பாடுபடுத்தியிருக்காது.

எடுத்த முடிவும் காரணமும்

காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியைக்கு முன் சில வழிகள் இருந்தன. “இதற்குச் சூத்திரம் கிடையாது” என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மைதான், ஆனால் மாணவர்கள் அதை ஆசிரியர் சொன்னதாக மட்டுமே எடுத்துக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். இன்னும் தேட விடலாம். அது ஒரு கட்டத்துக்கு மேல் சோர்வையே தரும். மாணவர்களில் ஒருவன் ஏற்கெனவே வருவதைக் குறைத்திருந்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: கூடுதலைத் தேடுவதை நிறுத்திவிட்டு, எந்த வடிவத்தை அனுமதிப்பது என்று முதலில் முடிவு செய்வது. “சூத்திரம் இல்லை என்றால், எந்த மாதிரிச் சூத்திரம் இல்லை? அதைச் சொல்லாமல் இல்லை என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது” என்பது அவர் வாதம். எனக்கு முதலில் இதில் தயக்கம் இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வரையறைகளைப் பேசி நேரத்தைக் கரைத்துவிடுவோமோ என்று நினைத்தேன். அவர் சொன்ன இரண்டாவது காரணம் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது. இதற்கு வேண்டிய கருவி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: நடுவில் அடிபட்டுப் போகும் அதே உத்திதான்.

கேள்வியைத் திருப்பிப் போட்டது

அடிபடும் உத்தியை ஆசிரியை பொதுவாக்கினார். பெ(க) என்பது க-வைக் கொண்ட ஏதோ ஒரு கோவை என்று கொள்வோம். ஓர் உறுப்பை பெ(க+1) − பெ(க) என்று எழுத முடிந்தால், 1-லிருந்து ந வரை கூட்டும்போது பெ(ந+1) − பெ(1) மட்டுமே மிஞ்சும். ஆக, கூடுதல் என்ன என்று கேட்பதற்குப் பதில், எந்த பெ-யின் வேறுபாடு இந்த உறுப்பைத் தருகிறது என்று கேட்கலாம். பின்னால் தொகையிடல் வரும்போது இதே திருப்பத்தை அவர்கள் மறுபடி காண்பார்கள்.

எப்படிப்பட்ட பெ-யை அனுமதிப்பது? அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் விகிதம், அதாவது பெ(க+1)/பெ(க), இரண்டு பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குகள், காரணீயங்கள், சேர்வுகள், இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருபவை எல்லாம் இதற்குள் அடங்கும். பாடநூல் கேட்கும் அளவுக்கு இது தாராளம்.

உடனே அந்த மாணவி, “அப்போ 2^க, (2க)! எல்லாம் வரலாமே டீச்சர், எதையெல்லாம்தான் தேடுறது?” என்றாள். விடை ஒரு வரியில் கிடைத்தது. பெ(க+1) − பெ(க) என்பதில் பெ(க)-வை வெளியே எடுத்தால், பெ(க) × (விகிதம் − 1). இது க!-க்குச் சமம் என்றால், பெ(க) என்பது க!-ஐ ஒரு விகிதமுறு கோவையால் (இரண்டு பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தலால்) வகுத்தது. எனவே பெ(க) = வ(க) × க! என்ற வடிவம் ஒன்றே சாத்தியம், வ(க) என்பது ஏதோ ஒரு விகிதமுறு கோவை. 2^க-வுக்கும் (2க)!-க்கும் அங்கே வேலை இல்லை. எல்லையில்லாத் தேடல் ஒரே ஒரு வ(க)-வைத் தேடுவதாகச் சுருங்கிவிட்டது. இந்த வரியைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது அறையில் இருந்த அமைதியை வைத்தே, இதில் பாதி நேரம் செலவிட்டிருக்கலாம் என்று தோன்றியது. அத்தனை விரைவாகக் கடந்துவிட்டோம்.

பெ(க)-வை இட்டு, இருபுறமும் க!-ஆல் வகுத்தால்:

(க+1) × வ(க+1) − வ(க) = 1

முதலில் விடை தெரிந்த கணக்கில் சோதித்தோம். உறுப்பு க×க! என்றால் வலப்பக்கம் 1-க்குப் பதில் க. வ = 1 என்று வைத்தால் (க+1) − 1 = க. சரியாகிவிட்டது. பெ(க) = க!, கூடுதல் (ந+1)! − 1. தொகுத்தறிதலில் விடையை முன்கூட்டியே கொடுத்து நிறுவச் சொன்னதை, இங்கே விடை தெரியாமலே கண்டுபிடித்தோம். இந்த வேறுபாட்டை மாணவர்கள் தாமாகவே சொன்னார்கள்.

இல்லை என்பதன் நிரூபணம்

இப்போது வலப்பக்கம் 1. வ(க) ஒரு பல்லுறுப்புக் கோவையாக இருக்கலாமா? அதன் படி 3 என்று வைத்துக்கொண்டால், (க+1)-ஆல் பெருக்கிய முதல் உறுப்பின் படி 4, கழிக்கப்படுவதன் படி 3. கழித்த பின்னும் படி 4-ஆகவே இருக்கும். பொதுவாக இடப்பக்கத்தின் படி, வ-வின் படியைவிட ஒன்று அதிகம், ஆகவே குறைந்தது 1. வலப்பக்கம் வெறும் மாறிலி, படி 0. பொருந்தாது. க×க!-க்கு மட்டும் விடை வந்ததன் இரகசியமும் இதுதான். முன்னால் ஒரு க இருந்ததால் வலப்பக்கத்தின் படி 1 ஆயிற்று, வ மாறிலியாக இருக்க இடம் கிடைத்தது. “க-வை எடுத்தா சுலபமாகும்னு நினைச்சோம், எடுத்ததாலதான் போச்சு” என்றான் மாறிலிகளைப் பொருத்திய மாணவன்.

வ(க) பின்னமாக இருந்தால்? அதன் பகுதி ஏதோ ஓர் இடத்தில் பூச்சியமாகும். எடுத்துக்காட்டாக க = 5-இல் என்று கொள்வோம். அங்கே வ(க) கட்டுக்கடங்காமல் போகும். வலப்பக்கமோ 1-ஆகவே நிற்கிறது. எனவே அதை ஈடுகட்ட (க+1)வ(க+1)-உம் அங்கே கட்டுக்கடங்காமல் போக வேண்டும். அதாவது 6-இலும் வ-வின் பகுதி பூச்சியம். அதே காரணத்தால் 7-இலும், 8-இலும். ஒரு பல்லுறுப்புக் கோவைக்கு முடிவில்லாத மூலங்கள் இருக்க முடியாது. 5-க்குப் பதிலாகப் பின்னமோ விகிதமுறா எண்ணோ கலப்பெண்ணோ எதை வைத்தாலும் வாதம் மாறாது.

ஆகவே நாங்கள் அனுமதித்த வடிவில் காரணீயக் கூடுதலுக்குச் சூத்திரம் இல்லை. அத்தகைய பல உறுப்புகளைக் கூட்டி எழுத அனுமதித்தாலும் நிலைமை மாறாது என்பது தெரிந்ததே. அந்த நிரூபணத்துக்குள் மன்றத்தில் போகவில்லை. இந்தச் சோதனையை இத்தகைய எல்லா உறுப்புகளுக்கும் செய்யக்கூடிய முழு வழிமுறையாக ஆக்கியவர் பில் காஸ்பர், வெளியிட்ட ஆண்டு 1978. கொடுத்த உறுப்புக்கு பெ(க) இருந்தால் அது கண்டுபிடித்துத் தரும், இல்லாவிட்டால் இல்லை என்று உறுதியாகச் சொல்லும்.

கைப்பேசியில் தேடிய மாணவன் இங்கே ஒரு கேள்வி கேட்டான்: “சார், ஒன்று, ஒன்றின்கீழ் இரண்டு, ஒன்றின்கீழ் மூன்று கூட்டலுக்கும் இதே கதைதானா?” 1/க-வுக்கான வாதத்தை அவர்களே போட்டார்கள், சிறிது உதவியோடு. இங்கே பெ(க)-வே ஒரு விகிதமுறு கோவை. அது கட்டுக்கடங்காமல் போகும் இடங்களில், ஒன்றுக்கொன்று முழு எண் தூரத்தில் இருப்பவற்றை எடுத்துக்கொண்டால், மிகப் பெரியதும் மிகச் சிறியதும் வேறுபாட்டில் அடிபடாமல் இரண்டு தனி இடங்களாக வெளிப்படும். 1/க-வுக்கு அப்படி ஓர் இடம்தான், க = 0. ஆகவே முடியாது. 1/(க(க+1))-க்கு இரண்டு இடங்கள், 0-உம் −1-உம். ஆகவே முடிகிறது. பகுதிப் பின்னத்தில் இயந்திரமாகச் செய்துவந்த கணக்கு ஏன் அங்கே வேலை செய்கிறது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எதிர்பாராத கிளை

க×க! முடிகிறது, க! முடியவில்லை. அப்படியானால் க²×க!? இதை யாரும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை, மாணவி தானே செய்துகொண்டு வந்தாள். வலப்பக்கம் க², ஆகவே வ-வின் படி 1. வ(க) = அக + இ (அ, இ மாறிலிகள்) என்று வைத்து விரித்தால் இடப்பக்கம்

அக² + (அ+இ)க + அ

முதல் கெழுவால் அ = 1, இரண்டாவதால் இ = −1. கடைசியில் ஒரு 1 ஒட்டிக்கொண்டு நிற்கிறது. “இந்த ஒண்ணு போகவே மாட்டேங்குது டீச்சர்.” போகாவிட்டால் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஆசிரியை. க²-க்குப் பதில் க²+1 எடுத்தால் எல்லாம் பொருந்துகிறது:

2×1! + 5×2! + 10×3! + … + (ந²+1)×ந! = ந × (ந+1)!

சரிபார்த்தோம்: 2, 12, 72, 480. இந்த முற்றொருமை வேறெங்கும் இருக்கலாம், இருக்கும். மன்றத்தில் அதைக் கண்டெடுத்தது அந்த மாணவியின் நோட்டு.

பிறகு படிப்படியாக மேலே போனார்கள். க³ − 1 முடிகிறது, கூடுதல் (ந²−2)(ந+1)! + 2. அடுத்து க⁴ − 2, க⁵ + 9, க⁶ − 9, க⁷ − 50. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரே ஒரு மாறிலி ஒட்டிக்கொள்கிறது. அதைச் சரிசெய்தால் சூத்திரம் உண்டு. சரிசெய்யாவிட்டால் க!-இன் கூடுதல் மிச்சமாக நிற்கும், அது முடியாதென்று ஏற்கெனவே நிறுவியாயிற்று. எனவே ஓர் அடுக்கு தனியாகவே முடிய வேண்டுமென்றால் அதன் மாறிலி பூச்சியமாக இருக்க வேண்டும். முதல் அடுக்கில், அதாவது க×க!-இல், அது பூச்சியம். “மறுபடியும் எங்கேயாவது பூச்சியம் வருமா?” என்று கேட்டாள்.

பூச்சிய அடுக்கில், அதாவது வெறும் க!-இல், தொடங்கி வரும் 1, 0, 1, 1, 2, 9, 9, 50 என்ற எண்களை முழு எண் தொடர்முறைகளின் இணையக் களஞ்சியத்தில் தேடினேன். இவை குறிகளை விட்டுவிட்டால் நிரப்பு பெல் எண்கள். ம-ஆவது அடுக்கின் மாறிலியின் அளவு எதைக் குறிக்கிறது என்றால்: (ம+1) பொருள்களை இரட்டைப்படை எண்ணிக்கையிலான குழுக்களாகப் பிரிக்கும் வழிகளுக்கும், ஒற்றைப்படை எண்ணிக்கையிலான குழுக்களாகப் பிரிக்கும் வழிகளுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டு பொருள்களை ஒரே குழுவாக வைக்க ஒரு வழி, இரண்டு குழுவாக வைக்க ஒரு வழி, வேறுபாடு பூச்சியம். ஐந்து பொருள்களுக்கு இரட்டைப்படை 25, ஒற்றைப்படை 27, வேறுபாடு 2. க⁴-க்கு வந்த அதே 2.

இரண்டுக்கு மேற்பட்ட எந்த எண்ணிக்கைக்கும் இந்த வேறுபாடு பூச்சியமாகாது என்பது கணிதவியலாளர் ஹெர்பர்ட் வில்ஃபின் ஊகம். அதிகபட்சம் ஒரே ஒரு விதிவிலக்குதான் இருக்க முடியும் என்பதுவரை நிறுவியிருக்கிறார்கள். அந்த ஒன்றும் இல்லை என்ற நிரூபணத்தை நான் பார்த்ததில்லை. பதினோராம் வகுப்புப் பயிற்சியில் க×க! மட்டும் ஏன் வருகிறது, க²×க!-உம் க³×க!-உம் ஏன் வருவதில்லை என்ற கேள்வியின் மறுமுனை இப்படி ஓர் ஊகத்தில் போய் முட்டுகிறது. மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. அவளுடைய கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள் என்று காட்ட ஐந்து பொருள்களையும் பிரித்து எண்ண வேண்டியிருந்தது.

சோதனையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியது

தேர்வு முடிந்து கூடியபோது ஒரு சிக்கல் வந்தது. மாறிலிகளைப் பொருத்திய மாணவன் புதிய கருவியின் உற்சாகத்தில் ஈருறுப்புக் கெழுக்களைச் சோதித்திருந்தான். ந-வை நிலையாக வைத்து, 0-லிருந்து தொடங்கி ஏதோ ஓர் இடம்வரை கெழுக்களைக் கூட்டினால் சூத்திரம் இல்லை என்று வந்தது. “ஆனா புத்தகத்துல மொத்தக் கூடுதல் 2^ந-னு போட்டிருக்கே. எது தப்பு?” என்று குழம்பியிருந்தான்.

எதுவும் தப்பில்லை. நம் சோதனை, எந்த இடத்தில் நிறுத்தினாலும் செல்லுபடியாகும் சூத்திரத்தைத் தேடுகிறது. ஈருறுப்புக் கெழுக்களை நடுவில் நிறுத்தினால் அத்தகைய சூத்திரம் இல்லை. கடைசிவரை போனால் மட்டும் 2^ந கிடைக்கிறது, அது வேறு காரணத்தால். அதே கெழுக்களுக்கு + − குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நடுவில் நிறுத்தினாலும் சூத்திரம் உண்டு. ந = 5 என்றால் 1 − 5 + 10 = 6, இது 4-இலிருந்து 2-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை. முழு எல்லைக்கான கூட்டல்களுக்கு டோரன் சைல்பர்கர் 1990 வாக்கில் தந்த வழிமுறை தனி. பெயரைச் சொன்னதோடு விட்டோம்.

விளைவு

வருகையைக் குறைத்திருந்த மாணவன் திரும்ப வந்தான். மன்றத்தின் சுவரொட்டிப் பலகையில் (க²+1)க! முற்றொருமையும், காரணீயக் கூடுதல்களில் 1-உம் 9-உம் மட்டுமே முழு வர்க்கங்கள் என்பதும் எழுதி ஒட்டப்பட்டன. இரண்டாவது எளிது: நான்காவதிலிருந்து எல்லாக் கூடுதல்களும் 3-இல் முடிகின்றன, எந்த வர்க்கமும் 3-இல் முடியாது. சூத்திரம் இல்லாவிட்டாலும் அந்த எண்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல விஷயம் இருக்கிறது என்பதற்காக அதையும் சேர்த்தார்கள்.

தேர்வு மதிப்பெண்ணில் இதனால் மாற்றம் ஏதும் ஏற்பட்டதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இவ்வளவு நேரத்தில் ஈருறுப்புத் தேற்றத்துக்கு இன்னும் இரண்டு பயிற்சித் தாள்கள் போட்டிருக்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதை ஆசிரியை மறுக்கவில்லை. மாறியதாக நான் பார்த்தது மாணவர்கள் கேட்கும் விதம். புதிய கூட்டல் ஒன்றைக் கொடுத்தால், “ஃபார்முலா என்ன?” என்பதற்கு முன், “வலப்பக்கத்தோட படி என்ன?” என்று இப்போது கேட்கிறார்கள். எல்லோரும் அல்ல. கைப்பேசி மாணவன் இன்னமும் முதலில் செயலியைத்தான் திறக்கிறான், வந்த விடையில் கூட்டலே ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவும் செய்கிறான்.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை ஆசிரியை எழுதிவிட்டார். க×க! கணக்கைத் தொகுத்தறிதலுக்கு முன்பே, விடையைச் சொல்லாமல், வேறுபாட்டுச் சமன்பாட்டின் வழியாகத் தருவார். மாறிலிகளைப் பொருத்தும் முயற்சியைத் தற்செயலுக்கு விடாமல் எல்லோரையும் செய்யச் சொல்லி, நான்காவது மதிப்பில் உடைவதை எல்லோரும் காண வைப்பார். 1/க-வை முன்னாலும் க!-ஐப் பின்னாலும் வைப்பது பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 1/க-வில் இரண்டு முனைகள் பற்றிய வாதம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர் கட்சி. படியை ஒப்பிடும் வாதமே எளிது, அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

ஈருறுப்புக் கெழுக்களின் எடுத்துக்காட்டு, சோதனை அறிமுகமாகும் அதே நாளில் சொல்லப்படும். பெ(க) = வ(க) × க! என்று சுருங்கும் அந்த ஒரு வரிக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது.